எட்டு கிலோமீட்டர்

ஐப்பசி மழையில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் சரிந்து டிரைவர் ராஜராஜன் இறந்தான். அவன் ஓட்டிய, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் பிக்கப் அரியலூரில் என் பட்டறைக்கு வந்தது. முன்சக்கரங்கள் இழுக்கவில்லை. கழற்றிச் சுத்தம் செய்யத் தொடங்கினேன். சாவி என்னிடம்தான் இருந்தது. ஆனாலும் தினமும் காலையில் மீட்டரில் எட்டு கிலோமீட்டர் கூடியிருந்தது.

ஐந்தாம் நாள் அவன் மனைவி ஜெயசித்ரா வந்தாள். இடுப்பில் கறுப்பு வளையல் போட்ட கைக்குழந்தை.

“முன்சக்கரத்தச் சரி பண்ணிடாதீங்கண்ணே.”

“ஏம்மா?”

“இப்ப ராத்திரி வர்ற வண்டி வாய்க்கா சேத்துல சிக்கித் திரும்பிடுது. பாப்பாவத் தூக்கிட்டு வான்னு அங்கேர்ந்தே கூப்புடுறாரு. சேத்தத் தாண்டிட்டா எங்க வூட்டு வாசல்தான்.”

அன்று காலையில்தான் கியர் ஆயிலும் மாற்றி வேலையை முடித்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. வண்டியைக் கல்மேல் ஏற்றி, முன்சக்கரங்களைக் கழற்றிக் கொண்டுபோய் என் கட்டிலடியில் வைத்தேன்.

விடிந்ததும் பார்த்தேன். கட்டிலடியில் இருந்த டயர்களில் ஈரச் சேறு. பட்டறைக்குப் போனேன். மீட்டரில் ஒன்பது கூடியிருந்தது. சீட்டில் ஒரு சின்னக் கறுப்பு வளையல் கிடந்தது.