நடுங்கினா நடுங்கட்டும்

"யாராவது இருக்கீங்களா? கதவைத் திறங்க!"

கரண்ட் போனதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. உள்ளே கும்மிருட்டு. ரேவதி கதவை ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

"யாரு, ஆறாவது மாடி ரேவதியா? இன்னாத்துக்கு இப்டி கத்துற?"

ஜமீலாவின் குரல். திருமுல்லைவாயிலில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவள்தான். தண்ணீர் லாரிக்காரனே அவளைக் கண்டால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவான். ரேவதிக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"அக்கா, என்னை வெளிய எடுங்க! மூச்சு முட்டுது."

"லிஃப்ட்டு சாவி ரெண்டுமே வாட்ச்மேன்கிட்ட கீது. அவன் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போய்கீறான். ஃபோன் பண்ட்டேன், வந்துகினே கீறான்."

"அதுக்குள்ள செத்துடுவேன்க்கா! நெஞ்சு படபடன்னு அடிக்குது. கை நடுங்குது."

"நடுங்கினா நடுங்கட்டும். அத்த அடக்காத. கீழ குந்து. மூச்ச மெதுவா இழு. உடும்போது இன்னும் மெதுவா உடு. ம்... உடு."

ஜமீலாவும் கூடவே மூச்சை இழுத்து விடுவது கேட்டது. ரேவதி உட்கார்ந்து அப்படியே செய்தாள். செய்யச் செய்ய அழுகைதான் வந்தது.

"ஆறு மாடியும் தினம் ஏறி இறங்குறேனே, உடம்பு இளைக்கன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. லிஃப்டுன்னாலே பயம்க்கா எனக்கு. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இன்னிக்குக் கால் சுளுக்கு, வேற வழியில்லாம ஏறிட்டேன். வெக்கமா இருக்கு. உங்கள மாதிரி தைரியம் எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

ஜமீலா இன்னொரு முறை மூச்சை இழுத்து விட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"பயந்தா இன்னா, கொலக் குத்தமா? உன்ன காப்பாத்தத்தான் ஒடம்பு இந்தக் குதி குதிக்குது. அத்தப் போயித் திட்டாத. 'சரி, பயந்துக்கோ, நான் கூட கீறேன்'னு சொல்லு."

ரேவதி நெஞ்சில் கை வைத்துச் சொல்லிப் பார்த்தாள். முதலில் கிறுக்குத்தனமாகத்தான் இருந்தது. கை நடுக்கமும் நிற்கவில்லை. ஆனால் செத்துவிடுவோம் என்ற எண்ணம் மட்டும் போய்விட்டது.

"அக்கா, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க!"

"நான் எங்க போறது? இங்கியேதான் கீறேன்."

பளிச்சென்று விளக்கு எரிந்தது. லிஃப்ட் மெல்ல இறங்கி, தரைத்தளத்தில் கதவு திறந்தது.

"அக்கா!" என்று நொண்டிக்கொண்டே வெளியே ஓடி வந்தாள் ரேவதி. அங்கே யாரையும் காணோம்.

அப்போது பக்கத்து லிஃப்டின் கதவு திறந்தது. வியர்வையில் தொப்பலாக நனைந்த உடையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள் ஜமீலா.

"கை குடுடி, ஏந்துக்க முடியல" என்று நடுங்கும் கையை நீட்டினாள். "இவ்ளோ நேரம் நான் சொன்னதெல்லாம் உனக்குன்னா நெனச்ச?"