நேரலைக் கல்யாணம்

"கல்யாணம் அங்க தொடங்கியாச்சு, இது இங்க சுத்திக்கிட்டே கெடக்கு!"

சுவாமிதாஸ் ரிமோட்டைத் தொடையில் ஓங்கித் தட்டினார். டி.வி. திரையில் ஒரு வட்டம் சாவகாசமாகச் சுற்றியது. அப்டேட் முடியும்வரை அணைக்கக் கூடாது என்று அதன் கீழே ஒரு மிரட்டல் வேறு.

சட்டைப் பையில் அடங்குகிற, குச்சி போன்ற கம்ப்யூட்டர் அது. டி.வி.க்குப் பின்னால் செருகினால் உலகமே வீட்டுக்குள் வரும் என்று சாலைக் கடையில் லிங்கராஜ் அடித்துச் சொல்லித்தான் விற்றான். உலகம் கிடக்கட்டும், ஒரே மகன் சஜி தாலி கட்டுவதைக் காட்டக் கூடாதா? நேற்றுவரை ஒழுங்காக ஓடிய சனியன், இன்றைக்குப் பார்த்துக் காலை வாரிவிட்டது. அவசரத்துக்கு அண்டாவில்கூடக் கை நுழையாது.

லிங்கராஜுக்கே போன் போட்டார்.

"அப்டேட்னா தொடக்கூடாது, பெரியவரே. அதுவா முடியும்."

"எப்ப? எனக்குப் பேரன் பொறந்த பொறவா?"

"கல்யாணம் எங்க வெச்சு?"

"அது உனக்கு எதுக்குடே? படம் வர வழியைச் சொல்லு!"

வழி ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. போனைச் சோபாவில் எறிந்தார்.

மனைவி சரோஜம் பட்டுச்சேலை சரசரக்க வந்து நின்றாள்.

"டி.வி. பாக்கதுக்குப் பட்டா?"

"மகன் கல்யாணமாக்கும். நைட்டியிலயா பாப்பாவ?"

அவர் மட்டும் என்ன, விடிந்ததும் சவரம் செய்து, கஞ்சி போட்ட வேட்டியோடுதான் உட்கார்ந்திருந்தார்.

அவள் தன் போனை நீட்டினாள். "லிங்க் இதுலயும் வருது. பாருங்க."

"இதுல அவன் மூஞ்சி கடுகு மாதிரில்லா தெரியும். அவனைக் கண்டு ரெண்டு வருஷம் ஆச்சு, சரோஜம். பெருசா பாக்கணும்."

தெருவில் காலையிலிருந்தே கார் மேல் கார். ஹார்னில் கை வைத்தவன் எடுப்பதில்லை. மனுசனை நிம்மதியாக ஒரு கல்யாணம் பார்க்க விடுகிறான்களா என்று ஜன்னலை அறைந்து சாத்தினார்.

வட்டம் இன்னும் சுற்றியது. பொறுமை போய், குச்சியைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினார். வட்டமும் போய்த் திரை இருண்டது. சிக்னல் இல்லை என்றது டி.வி.

"பொண்ணு உள்ள வந்தாச்சு," என்றாள் சரோஜம், போனைப் பார்த்தபடி. "பாட்டு பாடுதாவ."

"போச்சு, எல்லாம் போச்சு." டி.வி. முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

சரோஜம் சுவிட்சை அணைத்தாள்.

"அவன் ஷிபாவைக் கெட்டினா கல்யாணத்துக்கு என் காலு வராதுன்னு சொன்னியள்லா? காலு வராட்டா, கண்ணு எதுக்கு இப்படிக் கெடந்து அலையுது?"

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"எழும்புங்க. சர்ச்சு நம்ம தெருக்கோடியிலதான இருக்கு!"