தோளில் ஒரு கை

ஒரு முகத்துக்கு எண்ணூறு. சட்டமும் கண்ணாடியும் சேர்த்துத்தான். தோளில் வேறு யாருடைய கையாவது இருந்தால், அதை எடுக்க நூறு தனி.

வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, இறந்தவர்களின் படத்தைத் திருத்தி அச்சடித்துக் கொடுக்கும் படக்காரனுக்கு இந்த விலையில் வெட்கம் கிடையாது. முகத்துக்குப் பேரம் பேசுகிறவர்கள்கூடக் கைக்குப் பேசுவதில்லை.

மனிதன் தனியாக இருக்கும்போது ஒழுங்காகச் சிரிப்பதில்லை. அது அவன் தொழிலில் கண்டது. நல்ல முகம் வேண்டுமென்றால், பக்கத்தில் யாராவது நிற்கும் படத்திலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் கை எப்படியாவது தோளில் வந்து உட்கார்ந்திருக்கும்.

சொந்தத் தொழில்காரனுக்குச் சம்பளத் தேதி இல்லை. முன்யோசனை ஒன்றுதான் முதல். சாவு முன்பணம் கட்டிவிட்டு வருவதில்லை. விடிகிற நேரத்தில் போன் வரும். பத்து மணிக்குள் படம் வேண்டும் என்பார்கள். அனுப்பி வைப்பதோ, அடையாள அட்டையில் திருடனைப் பிடித்து வைத்ததுபோல ஒரு மூஞ்சி.

அதனால் அவன் முந்திக்கொண்டான். தெருவில் வயதானவர் யாராவது நாலு பேரோடு நின்று சிரித்தால், போனைத் தூக்கி ஒன்று எடுத்துக்கொள்வான். வெளிச்சம் திருத்தி, பின்னணி மாற்றி, தேதிக்கு மட்டும் இடம் விட்டுக் கணினியில் போட்டு வைத்துவிடுவான். போன் வந்ததும் அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி. வாடகை கட்டிக் கடை நடத்துகிறவர்கள் அவனிடம் தோற்றது இதில்தான்.

விஷயம் கசிந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் அவனைக் கண்டால் இருமலை அடக்கிக்கொள்கிறார்.

போனை எடுப்பது மனைவியின் வேலை. அழுகிறவர்களை அழவிட்டு, அவர்கள் மூச்சு வாங்கும் இடம் பார்த்து, ஆறுதலையும் விலையையும் ஒரே குரலில் சொல்லிவிடுவாள். அவள் வாயால் சொன்ன விலையை யாரும் குறைத்துக் கேட்டதில்லை.

இன்று காலை அவளே தலைவாரிக்கொண்டு வந்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை அவளுக்கு மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். மார்பில் வந்த கட்டி ஈரல் வரைக்கும் போயிருந்தது. முடி கொட்டும் என்பதை மட்டும் டாக்டர் உறுதியாகச் சொன்னார். மற்றதையெல்லாம் பார்க்கலாம் என்றார்.

"முடி இருக்கும்போதே எடுத்துடுங்க. நீங்க ஒட்டவெச்ச முடியோட நான் செவுத்துல தொங்க மாட்டேன்."

அவன் விளக்கை நகர்த்தினான். வெளிச்சம் போதாது என்றான். மழை மூட்டமாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றான். லென்ஸைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான்.

எடுத்தால் நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்களா என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரரை எடுத்து மூன்று வருஷம் ஆகிறது, மனுஷன் இன்னும் வீடு வீடாக மருந்துக் கடன் பாக்கி வசூல் பண்ணிக்கொண்டுதானே இருக்கிறார் என்றாள்.

அவன் ஒருவழியாகக் கேமராவைத் தூக்கினான். அவள் சிரித்தாள். அடையாள அட்டைச் சிரிப்பு.

அவன் கேமராவை இறக்கிவிட்டான். ஊருக்குப் போட்டு வைப்பது பிழைப்பு, வீட்டு ஆளுக்குப் போட்டு வைக்கிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை என்று சற்றுக் கோபமாகவே சொன்னான்.

அவள் எழுந்து போய்க் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக அதில் அவள் கை வைத்து அவன் பார்த்ததில்லை. எங்கெங்கோ போய், ஒரு படத்தைத் திறந்தாள்.

அவன்தான். வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் திருத்தி, பின்னணி மாற்றி, தேதிக்கு இடம் விட்டிருந்தது.

"நெஞ்சு வலின்னு உங்கள ஐசியூல போட்டிருந்தப்ப பண்ணினது. குளிக்கறதுக்குன்னு வீட்டுக்கு வந்தேன். அந்த நேரத்துல படம் வேணும்னா, நான் எவன்கிட்ட போய் நிக்கறது?"

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவன் சாப்பிட்ட ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் இந்தப் படத்துக்குப் பிறகு பரிமாறப்பட்டது.

அவன் தொழில்காரனின் கண்ணோடு பார்த்தான். மோசமில்லை. சட்டைக் காலரைக்கூட நிமிர்த்தியிருந்தாள். ஆனால் இடது தோளில் நாலு விரல் அப்படியே இருந்தது. ஒன்றில் மோதிரம்.

கையை எடுக்கவில்லையே என்றான்.

"அது எனக்கு எடுக்க வரல."

வருஷக்கணக்காகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவன் எடுத்த ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்.

அவன் அவளை முக்காலிக்குத் திருப்பி அனுப்பவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெட்டுவதற்கு முந்தைய முழுப் படத்தைத் தேடி எடுத்தான். மச்சினன் தன் வீட்டு மொட்டை மாடியில் எடுத்தது. இரண்டு பேரும் எதற்குச் சிரித்தார்கள் என்று இருவருக்குமே ஞாபகமில்லை. காற்றில் அவள் முடி அவன் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.

இந்த முறை அவள் பக்கம் வெட்டினான். வெளிச்சம் திருத்தினான். பின்னணி மாற்றினான். தேதிக்கு இடம் விடுகிறபோது மட்டும் கை கொஞ்சம் நின்றது. பிறகு விட்டான்.

படத்தில் அவள் கை, அவன் இப்போது இல்லாத பக்கமாக நீண்டு, ஓரத்தோடு அறுந்திருந்தது. வாடிக்கையாளர் யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். சரிசெய்ய ஐந்து நிமிஷ வேலை.

அவன் அப்படியே சேமித்தான்.

முகம் இரண்டு. கை ஒன்று, மணிக்கட்டு வரை அவள் படத்தில், விரல்கள் அவன் படத்தில். எடுப்பதற்கான நூறு யார் கணக்கிலும் ஏறவில்லை.