நாற்பதுக்கு மேல்

பாபநாசத்தில் ஷஹ்பாஸின் பட்டறைப் பலகையில் ‘இன்ஜின் விஞ்ஞானி’ என்று இருக்கும். காரின் கம்ப்யூட்டரில் லேப்டாப்பைச் செருகி, ஓட்டத்தில் பதிவாகும் எண்களைப் படித்து, அதற்கேற்ப அதன் நிரலைத் திருத்தி எழுதுவார். ஸ்பானர் பிடிப்பவர்களைக் கண்டால் அவருக்கு இரக்கம் சுரக்கும்.

அஃப்ரீனின் கார் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. திங்கள்கிழமை திருச்சியில் வேலைக்குச் சேர வேண்டும். தினமும் அதில்தான் போய்வர வேண்டும். அவள் அத்தா மூஸா அதே காரில்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். போன மாதம் மௌத்தானார். கற்றுக்கொடுப்பவருக்கென்று இடப்பக்கம் அவர் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை அவள் அப்போதே கழற்றி எடுக்கச் செய்துவிட்டாள்.

ஷஹ்பாஸ் ஓட்டிப் பதிவெடுத்தார். நாற்பது வந்ததும் பிரேக் மிதிபட்டதாக எண் காட்டியது. அவர் காலோ ஆக்சிலரேட்டரில் இருந்தது.

“சென்சார் கோளாறும்மா. பிரேக் பேச்சைக் கேக்காதேன்னு கம்ப்யூட்டருக்கு எழுதிட்டேன். இனி பறக்கும் பாருங்க.”

அஃப்ரீன் லேப்டாப்போடு பின்சீட்டில் உட்கார, மறுபடி ஓட்டினார். இன்ஜின் முழுமூச்சாக உறுமியது. பதிவில் ஒரு குறையும் இல்லை. வேகம் மட்டும் நாற்பது. பிரேக் தீயும் வாடை வந்தது.

“நம்ம வேலை நூத்துக்கு நூறு” என்றார் விஞ்ஞானி, சுருதி இறங்காமல்.

அஃப்ரீன் காலியான முன்சீட்டை எட்டிப் பார்த்தாள்.

“அத்தா, நான் லைசென்ஸ் எடுத்து எட்டு வருஷமாச்சு.”

வேகம் நாற்பத்தொன்று ஆனது. பிறகு ஐம்பது.

“பாத்தீங்களா, நம்ம டியூனிங்!”

அஃப்ரீன் முன்சீட்டின் காலடியைக் குனிந்து பார்த்தாள். ஆளில்லாத இடப்பக்கம், ரப்பர் தரைவிரிப்பில் பதிந்திருந்த குதிகால் பள்ளம் மெல்ல மேலெழும்பிச் சமமாகிக்கொண்டிருந்தது.