படத்தில் மிஞ்சிய கை

“இன்னும் உள்ளே தள்ளு. அவ மூச்சுக்காத்துகூட என் புருஷன் மேல படக்கூடாது,” என்றாள் கொனாடு.

அச்சகக் கணினி முன் இருந்த அஃப்ரியே வலது கையால் மவுஸை நகர்த்தினாள். இடது கை மடியில் கிடந்தது.

திரையில் இரங்கல் போஸ்டர். செத்துப்போன டுவுமோ, கென்டே துணி போர்த்தி நின்றார். பக்கத்தில் நின்ற பெண்ணின் மேல் படச்சட்டத்தின் ஓரம் ஏறியது. தோள் போனது. முகம் போனது. இருவருக்கும் நடுவே நின்ற சிறுமியும் போனாள்.

ஒரு சின்னக் கை மட்டும் போகவில்லை. அது டுவுமோவின் வலது கைப்பிடிக்குள் இருந்தது. புறங்கையில் வெளிறிய தீத்தழும்பு.

“அந்தக் கையை யாரு கேட்டா? வெட்டு.”

“வெட்டினா அவரு கையும் போயிடும்மா. வலது கை இல்லாம குமாசி ஊர்ச் சுவர்ல ஒட்டினா, குடும்பத்துப் பெரியவங்க உங்களைத்தான் கேப்பாங்க.”

பெரியவர்கள் வெளியே டாக்ஸியில் காத்திருந்தார்கள்.

“அப்போ என் பிள்ளைங்க பேர் போட்ட கட்டத்தை அது மேல ஏத்து. மெஷின் முன்னாடி உட்கார்ந்திருக்கிறது நீயா, நானா?”

அஃப்ரியே கட்டத்தை மேலே இழுத்தாள். அங்கே இடம் குறுகல்; கட்டத்தையும் குறுக்கினாள்.

சின்னக் கை மறைந்தது.

கட்டத்தின் அடியில் சிவப்புக் குறி ஒன்று முளைத்தது. கடைசிப் பெயரைக் காணோம்.

“என் பாரிமா எங்கே?” கொனாடுவின் குரல் உயர்ந்தது. அவளுடைய கடைக்குட்டி அவன்.

“இடம் பத்தலம்மா.”

எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் அடங்கும். அதை அஃப்ரியே சொல்லவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது.

“சரி, பழையபடியே வை. எவ பெத்த கையோ, இருந்துட்டுப் போகட்டும். யாரு உத்துப் பார்க்கப் போறா.”

கட்டம் கீழே இறங்கியது. பாரிமா வந்தான். கையும் வந்தது.

மாதிரித் தாளை அஃப்ரியே வலது கையால் நீட்டினாள். இடது கையால் நீட்டினால்தான் அந்த ஊரில் வம்பு. வலது கை வந்துவிட்டால் மற்றதை யாரும் தேடுவதில்லை.

கொனாடுவும் தேடவில்லை.

டாக்ஸி கிளம்பும்வரை அஃப்ரியே அசையாமல் இருந்தாள். பிறகு இடது கையை மடியிலிருந்து எடுத்து, திரையில் டுவுமோவின் விரல்கள் மேல் வைத்தாள்.

புறங்கையிலிருந்த தீத்தழும்பும் கையோடு சேர்ந்து வளர்ந்திருந்தது. அந்தப் பிடிக்குள் இப்போது அடங்கவில்லை.