புல்வெளியில் ஒரு கோடு

"உன் கொல்லையில பாதி என் நிலம்யா!" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரரிடம் எகிறினார் தொல்லியல் பேராசிரியர்.

"டிரோன் படத்தைப் பாரு. புல்லுல கோடு தெரியுதா? ஆயிரம் வருஷத்து வரப்பு!"

மண்ணுக்குள் இருப்பதைக் காட்டும் கருவியைத் தள்ளிவந்த சக பேராசிரியை தொண்டையைக் கனைத்தார். "சார், அடியில வரப்பே இல்ல. யாரோ தினம் நடந்து புல் தேஞ்ச தடம். உங்க சமையலறை வாசல்லேர்ந்து இவர் கதவுக்குப் போகுது."

"நான்தான்டா தம்பி," என்றாள் சமையலறை வாசலில் நின்ற பேராசிரியரின் அக்கா. "உன் சமையலறையில வேற யாரு இருக்கா?"

'அக்காவுக்குக் கல்யாணத்தில் இஷ்டமில்லை' என்று இருபது வருஷமாகச் சொல்லிவந்தவர், வேடிக்கை பார்க்க வந்த தெருவுக்கு முன்னால் கூனிக் குறுகினார்.

அடுத்த மாதமே அக்கா தையல்காரரைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். விலாசம் தெரு முழுக்கத் தெரியும். பேராசிரியருக்குத்தான் யாரிடமும் கேட்க வெட்கம்.