கோலில் நிற்கும் சிலிப்பர்

மாசாய் ஊரின் அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால், மழை விட்ட திடலில் சாயங்கால வெயில் மஞ்சளாகத் தேங்கிக் கிடக்கிறது. அடுத்த வாரம் கால்பந்து லீக் தொடங்குகிறது. பயிற்சி முடித்து பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆட்டக்காரர்கள் வெறுங்காலோடு சுற்றி நிற்க, மேனேஜர் முருகப்பன் அவர்களுடைய சிலிப்பர்களைக் குடை முனையால் தள்ளித் தள்ளிப் புல்லில் அணி அமைக்கிறார். ஒரு சிலிப்பருக்கு ஓர் ஆள். "முன்னுக்கு காளி. நடுவுல மதி." "மதியோட சிலிப்பரு வாரு அறுந்து கெடக்குலா, அவன் முட்டி மாதிரியே," என்கிறான் காளிதாஸ். சிரிப்பு எழுந்து அடங்குகிறது. கோல்கீப்பர் ஜெயபாலன் மட்டும் சிரிக்கவில்லை. ஃபேக்டரியில் இரும்புத் தட்டு இடித்த வலது மணிக்கட்டு, நீளக்கை ஜெர்சிக்குள் வீங்கித் துடிக்கிறது. இதுவரை ஒருவரிடமும் அவன் சொல்லவில்லை. இன்றைக்கு வந்த பந்தையெல்லாம் காலாலேயே தடுத்ததை யாராவது கவனித்திருப்பார்களோ? குடை முனை அவனுடைய நீலச் சிலிப்பரைத் தேடி வருகிறது; மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், அணிக்குப் பின்னால் கோலுக்கென்று விட்ட இடத்தில் நிறுத்துகிறது. "பின்னால பாலன் நிக்கிறான். இந்தத் தடவ கப்பு நமக்குத்தான்," என்கிறார் முருகப்பன். எல்லா முகமும் அவன் பக்கம் திரும்புகிறது. ஜெர்சிக் கைக்குள்ளேயே விரல்களை மடக்கிப் பார்க்கிறான். பாதிக்கு மேல் மடங்கவில்லை. ஈரப்புல்லில் நடந்து போய், கோலில் நிற்கும் சிலிப்பருக்குள் காலை நுழைக்கிறான். "வேற ஆளப் பாருங்கண்ணே." அவன் சிலிப்பரோடு நகர்ந்துவிட்ட பிறகும், குடை முனை காலியான கோலின் மேல் அப்படியே நிற்கிறது.